வெடியாபீஸ் போற பேரனுக்கு

எய்யா பேராண்டி, திருப்பூர் பனியன் கம்பெனியை உதறிட்டு பட்டாசு செய்யிற வெடியாபீஸ் சோலிக்கு வந்துட்டியாமே! ரொம்ப நல்லது. அங்க காலர் கோணிச்சுன்னா பிரிச்சுத் தச்சுக்கிடணும். இங்க அந்தத் தொல்லையே கிடையாது. ஒரு தடவை கோணிச்சுன்னா பிரிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

பாதுகாப்புப் பயிற்சின்னு கூப்பிட்டா முன்வரிசையில போய் உக்காந்துராதே. பின்னால ஃபேனுக்குக் கீழ கண்ணசரு. டீயும் வடையும் வரும்போது முழிச்சாப் போதும். பயிற்சி குடுக்கிறவரு என்னத்தப் பெருசாச் சொல்லிரப் போறாரு? நைலான் சட்டை போடாதேம்பாரு. உனக்கோ மினுமினுன்னு அந்தப் பந்தாட்டச் சட்டைதான் எடுப்பு. அது உடம்போட உரசி மின்சாரம் சேத்து வைக்கும். கண்ணுக்குத் தெரியாத பொறி ஒண்ணு போதும் வெடிமருந்துக்கு. அதுக்காகத்தான் பருத்தித் துணி உடுத்தச் சொல்லுதான், வாசல்ல செம்புத் தகடு அடிச்சு, தொட்டுட்டு உள்ள போங்கான். வயசுப்பிள்ளை தகட்டைத் தொட்டா கவுரவம் என்னத்துக்காகும்?

கையில கெடக்க இரும்புக் காப்பையும் கழட்டாதே. பித்தளையும் மரமும் வச்சுத்தான் மருந்தைக் கிண்டணும்னு சட்டம் பேசுவான். நீ காப்போட கையை விட்டுக் கிண்டு. மறுநா பேப்பர்ல வரும், ‘உராய்வு காரணமாக’ன்னு. எந்த வெடிவிபத்துக்கும் அந்த உராய்வுதான் குத்தவாளி. ஆனா அவன் ஊரு பேரைக் கண்டுபிடிச்சு எந்தப் போலீசும் இதுவரைக்கும் விலங்கு மாட்டல.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி மூணும் தனித்தனியா இருக்கையில ஒரு வம்புதும்புக்கும் போகாது. கலந்தாச்சுன்னா பிறகு அது நம்ம பேச்சைக் கேக்காது. அதனாலதான் வெயில் ஏறுமுன்ன வெள்ளனே கலந்து, அன்னைக்குத் தேவையானதை மட்டும் வச்சுக்கிடணும். மிச்ச மருந்தை ராத்திரி போட்டு வச்சா ஈரம் ஏறும். ஈரம்பட்ட அலுமினியப் பொடி தானாச் சூடேறும். கூட கொஞ்சம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேத்துப் பாக்கலாம்னு எவனாவது சொன்னா, அந்தக் கலவையை 1992லயே அரசாங்கம் தடை பண்ணிருச்சுன்னு அவனுக்குச் சொல்லு. தீப்புடிச்சா நம்ம கை தண்ணிக் குடத்துக்குத்தான் போகும். எரியிற அலுமினியப் பொடியில தண்ணி விழுந்தா ஹைட்ரஜன் கெளம்பும், தீ இன்னும் கொண்டாடும். வாளியில மணல் வச்சிருக்கது பீடியை அணைக்கன்னு நெனச்சியா?

ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கப்படாதும்பான். நாலே பேரா இருந்தா நமக்குப் போரடிக்குமே! ஏழெட்டுப் பேராச் சேந்து உக்காந்தாத்தான் ஊர்க்கதை பேசத் தோதா இருக்கும். ரூமுக்குள்ள வெக்கையா இருந்தா மருந்தோட மரத்தடிக்குப் போயிரலாம். கூட்டம் சேந்தா என்னாகும்னு கேக்கியா? 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டி வெடியாபீஸ்ல வெடிச்சப்ப செத்தவங்க எல்லாரும் வேலைக்காரங்க இல்ல. வேடிக்கை பாக்க ஓடினவங்க, தூக்கிவிட ஓடினவங்க, எல்லாம் அதுல உண்டு. முதல் வெடியோட முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுத்தான் கிட்டப் போனாங்க.

இதெல்லாம் வகுப்புலயே சொல்லிருவாங்க, குறையொண்ணுமில்ல. கேட்டுட்டு வாரவனும் தலையாட்டத்தான் செய்யுதான். வகுப்புல மெதுவாச் செய்யச் சொல்லுதாங்க; கூலியோ உருப்படிக் கணக்கு. காலையில கத்துக்கிட்டது சாயங்காலம் எண்ணிக்கை குறையும்போது எங்க நிக்கும்? அதுலயும் உன்னை மாதிரி கம்பெனி மாறி வந்தவனுக்கு ‘டார்கெட்’ங்கிறது ரத்தத்துல ஊறிப் போயிருக்கு. தீபாவளி கிட்ட நெருங்க நெருங்க, வெரசா முடிக்கிறவன்தான் கெட்டிக்காரன்னு பேரு வாங்குவான்.

அதனால நாளைக்கு வகுப்புல தூக்கம் வரலேன்னா, வடை தின்னு முடிச்ச பெறகு எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு கேளு. “சார், நீங்க சொன்னபடி நிதானமாச் செஞ்சு உருப்படி குறைஞ்சு போனா, அந்தக் கூலியை யாரு குடுப்பா?” கூடவே உங்க போர்மேன் மூஞ்சியையும் ஒரு பார்வை பாத்துக்கோ. பதில் சொன்னாருன்னா ராத்திரி வந்து சொல்லு. நானும் எத்தனையோ காலமாக் காத்துக்கிட்டிருக்கேன்.