பைக்குள் மூன்று சேர்த்தியா?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது பை. அதன் இலக்கங்கள் முடிவதும் இல்லை, ஒரே வரிசையில் சுழல்வதும் இல்லை என்பதை 1761இல் யோஹான் லாம்பெர்ட் நிரூபித்துவிட்டார். நிரூபணத்தைப் படித்தவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். படிக்காதவர்கள் இலக்கங்களுக்குள் உருவம் தேட உட்கார்ந்தார்கள். இத்துறையைப் பையியல் என்பர் ஒரு சாரார். பைந்நூல் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பேசிக்கொள்வதில்லை.

பையில் அமைந்த அணிகளுள் முதலாவது அடுக்கணி. 762ஆம் தசம இடம் தொடங்கி ஆறு ஒன்பதுகள் வரிசையாக நிற்கின்றன. ஃபெயின்மன் புள்ளி என்று பெயர். அடுத்தது இன்மையணி: முதல் பூஜ்யம் 32ஆம் இடத்தில்தான் தலைகாட்டுகிறது. இவற்றுக்கு உரை வேண்டாம்.

சித்திரத்துக்குக் கார்ல் சாகனிடம்தான் போக வேண்டும். 1985இல் வந்த அவருடைய ‘காண்டாக்ட்’ நாவலில், பதினொன்றை அடியாகக் கொண்டு எழுதிய பைக்குள் ஒரு வட்டப் படம் அகப்படுகிறது. வட்டத்தில் பிறந்த எண்ணில் வட்டம். கற்பனைதான் என்றாலும் இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கலாம்.

மாலைமாற்று 13ஆம் இடத்தில் தொடங்குகிறது: 79, 32, 38, 46, 26, 43, 38, 32, 79. இந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கமிருந்து வந்தாலும் 79, 32, 38. நடுவில் 46உம் 43உம் மட்டும் ஒத்துவரவில்லை. அதற்கென்ன, அவ்விடத்தில் பாடம் சிதைந்தது என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ஓலைச்சுவடிகளுக்கே அந்த மரியாதை நடக்கும்போது பைக்கு நடக்கக் கூடாதா?

இனித் தலையாய சிக்கல். தொடக்கத்து 3ஐ எண்ணிக்கையில் சேர்ப்பதா, விடுவதா? சேர்ப்போர் மூன்றுடையார், விடுவோர் மூன்றிலார். சேர்ப்பதே மரபு என்பார் உரையாசிரியர். சேர்த்துவிட்டுக் கழிப்பது சிறப்பு என்பார் அவ்வுரைக்குக் குறிப்புரை வகுத்தவர். கழிப்பதாய் எண்ணிக்கொண்டு சேர்ப்பதே நுண்மை என்பார் குறிப்புரையின் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதியவரின் மைத்துனர் (கரையான் விட்டுவைத்த பிரதி, பக்கம் 3; அட்டையைச் சேர்த்தால் 4).

சிக்கல் அற்பமானதன்று. முதல் 144 தசம இலக்கங்களைக் கூட்டினால் 666, விவிலியம் சொல்லும் விலங்கின் எண். 3ஐச் சேர்த்தால் 669 ஆகி விலங்கு ஓடிவிடும். மார்ட்டின் கார்ட்னர் தம் கட்டுரைகளில் உலவவிட்ட டாக்டர் மேட்ரிக்ஸ் என்ற போலி எண்சோதிடருக்கோ 3 இல்லாமல் முடியாது. விவிலியத்தின் மூன்றாம் நூல், 14ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். அதில் ஏழு என்ற எண் வருகிறது. ஆங்கிலத்தில் அதன் ஏழாம் சொல்லுக்கு ஐந்து எழுத்து. ஆகவே பையின் பத்து லட்சமாவது இலக்கம் 5 என்று 1966இல் சோதிடம் சொல்லப்பட்டது. 1973இல் பிரான்சில் கணினி கணக்கிட்டுப் பார்த்தது. 5தான், 3ஐச் சேர்த்து எண்ணினால். சேர்க்காவிட்டால் 1. கார்ட்னர் கேலிக்கு எழுதியதைச் சிலர் பக்தியோடு படித்ததும் உண்டு. விலங்கு வேண்டும்போது மூன்றிலாராகவும் சோதிடம் வேண்டும்போது மூன்றுடையாராகவும் இருப்பதற்குத் தனிப் புலமை வேண்டும்.

ஏழின் கதை இன்னும் உருக்கமானது. வில்லியம் ஷாங்க்ஸ் கையாலேயே 607 தசம இலக்கங்களைக் கணக்கிட்டார். அவற்றை எண்ணிப் பார்த்த அகஸ்டஸ் டி மார்கன், மற்ற இலக்கங்கள் ஐம்பதுக்கு மேல் வந்திருக்க 7 மட்டும் 44 தடவைதான் வருகிறது என்று வியந்தார். அவர் எண்ணியவை மொத்தம் 608. ஆக, மூன்றுடையார். ஷாங்க்ஸ் 1873இல் 707 வரை போனார். 1937இல் அந்த 707ஐயும் பாரீஸின் அறிவியல் காட்சியகத்தில் ஒரு வட்ட அறையின் சுவரில் பதித்தார்கள். அறை எண் 31. இதை மூன்றிலார் எப்படிப் படிப்பர் என்பது தனி நூலாக விரியும்.

1940களில் ஃபெர்குசன் என்பவர் சரிபார்த்தபோது 528ஆம் இடத்திலிருந்து ஷாங்க்ஸ் கணக்கு தவறு என்று தெரிந்தது. சுவரை 1949இல் திருத்தினார்கள். ஏடெழுதினோன் பிழையை ஏட்டிலேயே திருத்திய அபூர்வ நிகழ்ச்சி, பதிப்பாசிரியர்கள் கவனிக்க.

பையின் முதல் பத்து லட்சம் தசம இலக்கங்களில் 7 வருவது 99,800 தடவை. 3ஐச் சேர்த்து எண்ணினாலும் அதேதான்.