மேசைக்கு ஒரு மச்சான்

மாட்ரிட்டில் யார் வீட்டு ஞாயிறு விருந்துக்குப் போனாலும் அந்த மச்சான் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரரின் தங்கை புருஷன், அல்லது வீட்டம்மாவின் தம்பி. எல்லாம் தெரிந்த இந்த 'குன்யாதோ'வை ஸ்பானியர்களே கேலி பேசுவார்கள். பேசிவிட்டு அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.

வந்ததும் ஒயின் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பி லேபிளைப் படிப்பார். அதில் 'செமிதுல்சே', அதாவது அரை இனிப்பு, என்று இருந்தால் தொலைந்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி படிப்பார். எழுத்து மாறவில்லை என்று உறுதியானதும் வீட்டுக்காரரைத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு பார்வை. பிறகு ஊற்றச் சொல்வார். ஊற்றினால் குடித்துத் தொலைப்பாரா? கோப்பையைச் சாய்ப்பார், சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், எடுப்பார், கூரையைப் பார்ப்பார். மறுபடி மூக்கு. மறுபடி கூரை. இதற்குள் தட்டில் சோரிசோ தொத்திறைச்சியின் சிவந்த கொழுப்பு உறைந்துவிடும். வறுத்த உருளைக்கிழங்கு நமத்துப்போகும். ஆனாலும் யாரும் முள்கரண்டியைத் தொடுவதில்லை. தீர்ப்பு வர வேண்டுமே!

"இது ஒயின் இல்லீங்க, சிரப்."

அடுத்து ரியோஹா சிவப்பு ஒயின் பாடம். கிரியான்ஸா என்றால் 2 வருஷமாவது பக்குவப்பட்டிருக்க வேண்டும், ரெசர்வா 3, கிரான் ரெசர்வா 5. எல்லாம் சரிதான். யார் கேட்டார்கள்?

கடைசியில் மனமிரங்கி, "போனால் போகுது, ஃப்ளானோட குடிங்க" என்பார். அதுதான் தப்பு. கேரமல் வழிகிற ஃப்ளான் புட்டிங்கை ஒரு வாய் தின்றுவிட்டுக் குடித்தால் இந்த ஒயின் புளிக்கும். பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் அந்த ஜோடி ஒத்துப்போகும். செமிதுல்சேக்குப் பொருத்தம், அவர் ஆறவிட்ட அதே சோரிசோதான். காரமான மிளகாய்த்தூள் சேர்த்த சோரிசோவோடு அவருடைய ரெசர்வாவைக் குடித்தால் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கில் எரிச்சலை ஏற்றிவிடும். லேசான இனிப்பு அதைத் தணிக்கும். உப்புக் கரிக்கிற கப்ராலெஸ் நீலச் சீஸுக்கும் இது பொருந்தும். கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே மனிதர், வாலிபத்தில் பம்ப்லோனாவின் சான் ஃபெர்மின் திருவிழாவில் விடிய விடியக் காலிமோச்சோ குடித்த கதையை மட்டும் விடமாட்டார். காலிமோச்சோ என்பது சிவப்பு ஒயினும் கோலாவும் பாதிக்குப் பாதி. ஐரோப்பிய விதிப்படி செமிதுல்சேயில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல், 45 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். கோலாவில் 100 கிராமுக்கு மேல்! பாதியாக்கினாலும் 50-ஐத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைச் சொன்னால், "அது வேற" என்பார்.

அந்தக் கதை சொல்லும்போது அவரை எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன். மூக்கு, கூரை எல்லாம் மறந்து, குடித்த பிளாஸ்டிக் கோப்பையின் உயரத்தைக் கையால் காட்டுவார். வருஷத்துக்கு வருஷம் அது வளர்கிறது.

ஆனால் அந்தச் செமிதுல்சே பாட்டிலை வாங்கிவரச் சொன்னது வீட்டுக்காரரின் அம்மா. துவர்ப்பு ஒயின் அவருக்கு இறங்காது. சிரப் என்ற வார்த்தை விழுந்த பிறகு கிழவி இரண்டாவது கோப்பை கேட்பதில்லை. ஊற்றப் போனாலும் கையால் மூடிக்கொள்கிறார். என் கையில் அதிகாரம் இருந்தால் மச்சானுக்குச் சமையலறையில் தனியாக இலை போடுவேன்.