"யெஸ்" தட்டினால் போதும்

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களை அள்ளினார்கள். அதற்கு மருந்தாக அங்கிருந்த டாட்டு இலோனென் எழுதியதுதான் எஸ்எஸ்எச். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டைக் கேட்டார், கிடைத்தது.

அன்று முதல் பாதுகாப்புக்குக் குறைவில்லை. புதிய சர்வரைத் தொட்டதும் அதன் கைரேகையைக் காட்டி, "இவர்தானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறது எஸ்எஸ்எச். நாமோ தாலி கட்டும் நேரத்து மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "யெஸ்" தட்டுகிறோம். பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டால், யாரோ விஷமம் செய்யக்கூடும் என்று பெரிய எழுத்தில் அலறுகிறது. பழைய கைரேகை இருந்த வரியை அழித்து, அலறலை நிறுத்திவிடுகிறோம். பிரச்சினை தீர்ந்தது.

தனிச்சாவிக் கோப்பைப் பிறர் படிக்க முடிந்தால் அதைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சரியென்று அனுமதியை 600-ஆகச் சுருக்குகிறோம். பிறகு அதே கோப்பை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். சாவிக்கு ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னால், இரண்டு முறை என்டர்.

4096 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க இன்றைய கணினிகளால் ஆகாது. திருடனுக்கும் அது தெரியும். அதனால்தான் அவன் உடைப்பதில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறான்.