பிரதம அதிதி வந்ததும் பாட்டு ஆரம்பமாகும்

ஓர் இசை விழா வளர்ந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாடகர்களை எண்ணாதீர்கள். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகளை எண்ணுங்கள். முதல் வருடம் நாற்காலியே இருக்காது, எல்லோரும் தரையில். அடுத்த வருடம் பத்து. அதற்கடுத்த வருடம் நூறு, நாற்காலிக்கும் சனத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலி. மூங்கில் இரும்பாக மாறும் வருடத்தில் விழா 'தேசிய மட்டத்துக்கு' உயர்ந்துவிடும். முதல் வருடம் பாடியவன் அப்போது வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பசறைப் பக்கம் சுயாதீன இசை விழா ஏதும் நடக்கிறதா என்று கொழும்பில் கேட்கிறார்கள். நடக்கிறதே! தோட்டத்து மாரியம்மன் திருவிழா. எந்தத் தூதரகமும் சதம் தருவதில்லை. குளிர்பானக் கம்பெனியின் அனுசரணை இல்லை. செலவு செக்ரோலில் கழிகிறது. சம்பளச் சீட்டில் சங்கச் சந்தாவுக்குப் பக்கத்தில் கோயில் பணம் என்று ஒரு வரி. கொழுந்து பறிக்கிறவள்தான் தயாரிப்பாளர். இதைவிடச் சுயாதீனம் உலகத்தில் எங்கே உண்டு?

தயாரிப்பாளருக்கு இடம்? வேலிக்கு வெளியே, ஈரப் புல்லில்.

எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். பசறையிலிருந்து லுணுகலை வரை, மடுல்சீமை வரை, எங்கே இறங்கினாலும் நிகழ்ச்சி நிரல் ஒன்றுதான். ஆறு மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸ். எட்டு மணி தாண்டி பிரதம அதிதியின் வாகனம். அவருக்குப் பின்னால் விசேட அதிதி, கௌரவ அதிதி, அதிதியாக ஆக முடியாதவர்கள். மங்கள விளக்கு. வரவேற்புரை. பொன்னாடை. தலைமையுரை. பொன்னாடை. சிறப்புரை. மறுபடி பொன்னாடை. சம்பள உயர்வு வாங்கித் தந்த கதை. 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் வந்தது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "இப்போது நம் தோட்டத்து இளைஞர்களின் இசை நிகழ்ச்சி" என்று அறிவிப்பு.

பத்து மணிக்குப் பொலிஸ். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பு இந்த மலையில் இதுவரை ஓர் உரையையாவது பாதியில் நிறுத்தியதுண்டா? பாட்டைத்தான் நிறுத்துகிறது. ஒரு வருடமாக மெட்டுப் போட்டு, கைத்தொலைபேசியில் பதிவு செய்து, லயத்துக் காம்பராவில் ஒத்திகை பார்த்த பையன் முதல் சரணத்தோடு இறங்கிவிடுகிறான். அவனுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அமைச்சரின் படம் பெரிதாக, அவன் பெயர் சிறிதாக, எழுத்துப் பிழையோடு.

தப்புக்காரர்கள் கதை இன்னும் மோசம். தெருவிலிருந்து மேடை வரைக்கும் அதிதியை அழைத்து வருவது அவர்கள்தான். பின்பக்கமாக நடந்து, வியர்வை சொட்ட அடிப்பார்கள். மேடைப் படிக்கட்டில் தப்பு நின்றுவிடும். அதற்கு மேல் கீபோர்டுக்குத்தான் அனுமதி. மேடை ஏறிய அதிதி மைக்கைப் பிடித்து, "தப்பு எங்கள் பாரம்பரியக் கலை, அதைக் காப்பது என் உயிர் மூச்சு" என்பார். காக்கப்பட்ட கலைஞர்கள் அந்நேரம் சமையற்கட்டுக்குப் பின்னால் குந்தி, சோற்றுக்குக் காத்திருப்பார்கள். பிரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்தார்கள், சாவுக்கு அடித்தார்கள், சாமிக்கு அடித்தார்கள். இப்போது அமைச்சருக்கும் அடிக்கிறார்கள். மேடையில் இடம் மட்டும் கிடைக்கவில்லை. சாதி என்ற சொல் அந்த மேடையில் ஒலிக்காது. அது படிக்கட்டிலேயே நின்று தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் திருவிழா 'வளர்ந்தால்' என்ன ஆகும்? 2023இல் பார்த்தோம். மலையகத்துக்கு வயது இருநூறு. ஒரு பக்கம், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக ஒரு கூட்டம் நடந்தது. பாட்டன் பாட்டி நடந்து செத்த பாதையில். மறுபக்கம், அரசாங்க விழா, 'நாம் 200'. நவம்பர் 2ஆம் திகதி. ஜனாதிபதி வந்தார், இந்திய நிதியமைச்சர் வந்தார். எங்கே? ஹட்டனா? பதுளையா? கொழும்பு சுகததாச உள்ளக அரங்கம். மலையகத்தைக் கொண்டாட மலையிலிருந்து இறங்கி வரவேண்டும். மலைக்கு மேலே நாற்காலி போடச் சமதரை இல்லையென்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

உள்ளூர் அரசியல்வாதியை மட்டும் திட்டினால் நியாயமாகாது. 'சுயாதீன இசை' என்று மார்தட்டுகிறவர்களையும் பார்ப்போம். 2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. அதைப் பாடிய ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிந்து, தமிழகம் போய்ச் சேர்ந்தவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தார்களே, ஐந்தே கால் இலட்சம் உனக்கு, மூன்று இலட்சம் எனக்கு என்று, அந்தக் காலத்துச் சனம். அந்தச் சனத்தின் வலியை உலகமே ஆடிப் பாடியது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படம் போட்டது, அறிவைக் காணவில்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை. மறுவருடம் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு, அறிவு இல்லை. எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் கூலிக்கு அரைப்பேராவது போடுவார்கள்.

பணம்? 2024 மார்ச்சில் பாட்டின் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் வாய் திறந்தார்: அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று. வெளியிட்ட மாஜா நிறுவனம், சுயாதீனக் கலைஞர்களுக்காகவே பிறந்தது என்று விளம்பரப்படுத்தப்பட்ட நிறுவனம். அவர்களுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. விளக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. தோட்டக் கம்பெனிகளிடமும் இருக்கிறது: ஏலத்தில் விலை இல்லை, உற்பத்திச் செலவு அதிகம். தேயிலைக்குச் சொன்ன அதே விளக்கம் பாட்டுக்கும் வந்துவிட்டது. இருநூறு வருடத்தில் கங்காணி கோட் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பெரிய நட்சத்திரங்களைக் கொண்டுவந்தால் விழா துடிப்பாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு ஊர்களைக் காட்டலாம். 2023 செப்டம்பர் 10, சென்னைப் பனையூர், ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. ஆயிரக்கணக்கில் கொட்டி டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் வாசலில் நசுங்கித் திரும்பினார்கள். 2024 பெப்ரவரி 9, யாழ்ப்பாணம் முற்றவெளி, ஹரிஹரன் இசை நிகழ்ச்சி. பணம் கட்டியவர்களுக்கு முன்னால் நாற்காலி, மற்றவர்களுக்குத் தூரத்தில் தரை. சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மறுநாள் முழுக்கச் சனத்துக்கு ஒழுக்கம் இல்லை என்று உபதேசம். தடுப்புப் போட்டவருக்கு ஒழுக்கம் உண்டா என்று கேட்க ஆளில்லை. உடைத்தது சரி என்று சொல்ல வரவில்லை. மேடையே தெரியாத இடத்துக்கு ஊரைக் கூப்பிட்டவர் முதல் குற்றவாளி என்கிறேன்.

வளர்ந்தும் கெடாத விழா கிடையாதா? இருக்கிறது, அதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'. சபாக்களின் மாதத்தில் கானாவும் ஒப்பாரியும் பறையும் ராப்பும் மேடையின் நடுவில். பெரிதானதும் அது நட்சத்திர ஹோட்டலுக்குப் போகவில்லை. 2023இல் கோலார் தங்கவயலுக்குப் போனது, சுரங்கத்துக்குள் இறங்கிச் செத்த தமிழர்களின் பிள்ளைகளிடம். நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை அது.

சனத்தின் மேடை எங்களுக்குப் புதிதுமல்ல. மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். சினிமா மெட்டில் அரசியல் சொன்னார். 1940இல் அந்தப் பாட்டுகளைச் சிறு புத்தகமாகவும் போட்டார். கூட்டத்துக்குத் துரை அனுமதி இல்லை, முன்வரிசை இல்லை. சனம் வந்தது.

ஆகவே விழாக் குழுவினரே, அடுத்த மாதம் நோட்டீஸ் அடிக்கும்போது ஐந்து காரியம் செய்யுங்கள். பையன்களை ஏழு மணிக்கு மேடை ஏற்றுங்கள். அதிதிக்கு ஒன்பது ஐம்பதைக் கொடுங்கள், பத்து மணிக்குப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும். தப்புக்காரர்களைப் படிக்கட்டுக்கு மேலே ஏற்றுங்கள். பேசிய பணத்தை அவர்கள் தப்பைக் காய்ச்சுவதற்கு முன்பே கையில் கொடுங்கள். வேலியைப் பிடுங்கி அடுப்பில் வையுங்கள்.

செக்ரோலில் கழிந்தது உங்கள் பணம் இல்லை.