ஆளுக்கொரு அறை

எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் பாட்டு ஒலிப்பதிவு என்றால் வயலின்காரர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும். கடைசி வரிசையில் ஒருத்தர் வில் இடறினால் பாடகர் உட்பட அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. நோட்ஸ் பிரதியெடுத்துக் கொடுக்கும் பையனாக நான் அங்கே திரிந்தேன். "ஆளுக்கொரு ரூம் கொடுத்துட்டா நிம்மதிப்பா" என்று அலுத்துக்கொள்ளாத வித்வான் கிடையாது.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. செம்பரம்பாக்கத்தில் ஓய்வாக உட்கார்ந்துகொண்டு, ஆசைக்கு வாசிக்கும் ஒரு இணையவழிக் குழுவுக்கு இசைக்கோர்வை எழுதுகிறேன். ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கும் இன்ஜினியர் முதல் வயலின். டொரன்டோவில் ஒரு டாக்டரம்மா இரண்டாவது. சைதாப்பேட்டையில் தரைத்தளத்து வீட்டில் செல்லோ. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மழைக்காலம் வந்தால் அவர் என்னிடம் ஸ்ருதி கேட்பதில்லை, "சார், ஏரி எத்தனை அடி?" என்றுதான் கேட்கிறார். இருபத்திரண்டைத் தாண்டிவிட்டதென்றால், திறந்துவிடுவார்கள் என்ற பயத்தில் செல்லோ மாடி ஏறிவிடும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி.

இணையத்தில் சேர்ந்து வாசிக்க முடியாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். காற்றில் ஒலி பத்து மீட்டர் போக ஏறத்தாழ 30 மில்லி செகண்ட் ஆகும். அதற்கு மேல் தாமதித்தால் தாளம் தள்ளாடும். கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. டொரன்டோ 13,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆக, டாக்டரம்மா வாசிப்பது 65 மில்லி செகண்டுக்கு முன்னால் இங்கே வர இயற்கையே அனுமதிக்காது. வீட்டு வைஃபை தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

அதனால் எல்லாருக்கும் தாளம் தட்டும் ஒரே 'க்ளிக்' ஒலியை அனுப்புகிறேன். காதில் அதை மாட்டிக்கொண்டு தனித்தனியாக வாசித்து, போனில் பதிந்து அனுப்புகிறார்கள். எங்கெங்கோ செய்த உதிரிபாகங்களை ஒரகடம் ஆலைகளில் வண்டியாகப் பூட்டுவதுபோல் நான் இங்கே பூட்டுகிறேன். பெங்களூரு நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி ஹாரன் மட்டும் என் உபயம்.

அந்தக் காலக் கூடத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. கடினமான இடம் வந்தால் வில்லைத் தந்தியில் படாமல் ஆட்டினால் போதும், பக்கத்து ஆள் காப்பாற்றிவிடுவார். இப்போது அவரவர் வாசிப்பு தனித்தனி கோப்பாக, துணியில்லாமல் வந்து நிற்கிறது. அவர்கள் மானத்தைக் காப்பதுதான் என் வேலை. திறந்த தந்திகள் கைகொடுக்கும் ஜி, டி மேஜரில் எழுதுகிறேன். வயோலா வாசிக்க ஆள் கிடைக்காததால் அதை மூன்றாவது வயலினுக்கு மாற்றுகிறேன். வயலினின் கடைசித் தந்தி ஜி. அதற்குக் கீழே போகும் சுரங்களைத் தூக்கி மேலே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

வாசிக்க எடுத்துக்கொண்டது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு அவர் சாகித்தியம் எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில்கூட ஒன்று உண்டு. அவர் தம்பி பாலுசுவாமிதான் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். கமகமே வேண்டாத சங்கராபரண மெட்டுகள் என்பதால் தேர்ந்தெடுத்தேன். கர்நாடகம் படித்த இன்ஜினியர் காந்தாரத்தை அசைக்காமல் விடுவதில்லை. மேற்கத்தியம் படித்த டாக்டரம்மா எல்லாச் சுரத்தையும் நடுக்குகிறார். இருவரும் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டதே இல்லை என்பதால் சண்டை வரவில்லை.

பூட்டி முடித்ததைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மதுரையிலிருந்து அத்தை உடனே குரல் அனுப்பினார்: "எவ்வளவு ஒத்துமையா வாசிக்கிறீங்கடா! ஒரே கூரைக்கடியில இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது வருமா?"

வராது அத்தை. அவர்களையும் ஆளுக்கொரு அறையில் வைத்து க்ளிக் அனுப்பிப் பார்க்கலாம்.