குதிக்கத் தெரிந்த வாரிசுகள்

'கில்டு வார்ஸ்' என்ற கணினி விளையாட்டு 2005-இல் வந்தது. அந்த வரிசையின் வீரர்கள் வீழ்ந்த கடவுளையே எதிர்த்து வென்றவர்கள். ஆனால் முழங்கால் உயர வேலியைத் தாண்ட மாட்டார்கள். குதிக்கும் வசதியே கிடையாது. 2012-இல் வந்த இரண்டாம் பாகத்தில் குதிக்கலாம். பழைய ரசிகருக்குக் கதையெல்லாம் அப்புறம். நடுச்சந்தையில் நின்று குதிப்பதே முதல் வேலை.

கதை 250 ஆண்டுகள் நகர்ந்திருக்கிறது. ராப்பகலாக வளர்த்த நம் ஆள் எப்போதோ மண்ணோடு மண். ஆறுதலாக, அவருடைய சாதனைகளைக் கணக்குப் பார்த்து வாரிசுக்குக் கவசமும் பட்டமும் தருகிறார்கள். அஸ்கலோன் நாட்டைச் சுட்டெரித்த, கொம்பு முளைத்த சார் இனத்தாராகவும் இப்போது நாமே வேஷம் கட்டலாம். போன பாகத்தில் அவர்களை வெட்டிக் குவித்ததை யாரும் கிளறாமல் இருந்தால் சரி.

பெரிய இழப்பு துறவிதான். அவரவர் காயத்துக்கு அவரவரே மருந்து என்று, வைத்தியம் பார்த்த அந்தத் தொழிலையே எடுத்துவிட்டார்கள். நிலவறையில் ஐந்து பேர் ஐந்து திசையில் ஓடி ஐந்து இடத்தில் விழுகிறோம். முன்பென்றால் துறவியைத் திட்டியிருக்கலாம். மாதச் சந்தா அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கோபித்துக்கொண்டு நிறுத்தக்கூட வழியில்லை.