ஐரோப்பா அண்ணன்

ஐரோப்பா அண்ணன் ஐரோப்பாவுக்குப் போகாதவர். போய் வந்தவர்கள் இந்த வகையில் சேரமாட்டார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் தூசியையும் ஹாரன் சத்தத்தையும் குறைசொல்லும் வேறொரு வகைக்கு அவர்கள் மாறிவிடுகிறார்கள். நீலகிரியில் கூடலூரை ஒட்டிய ஓவேலியில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சூண்டியிலோ ஆரோட்டுப்பாறையிலோ டீக்கடை பெஞ்சின் ஓரத்தில், சிக்னல் கிடைக்கும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இரண்டு ஏக்கர் தேயிலை, மரங்களில் ஏறிய கொஞ்சம் மிளகு, வயது நாற்பத்தைந்துக்கு மேல், சட்டைப் பையில் அடங்காத போன். பள்ளிக்கூட நாள் முதல் விட்டு விலகத் தெரியாத நண்பர்கள் ஐந்தாறு பேர். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அதன் முகப்பில் ஈஃபில் கோபுரம்.

திட்டம் தளிர்ப்பது மழைக்காலத்தில். ஜூன் பிறந்து கூடலூர்ப் பக்கம் மழை பிடித்தால் ஆகஸ்டு வரை வானம் வெளுப்பதில்லை. கரண்ட் போகும், மரம் விழும், ரோடு அடைபடும், இலை எடுக்க ஆள் வராது. அப்போதுதான் அண்ணன், "இந்த வருஷம் கட்டாயம் போறோம்டா" என்பார். பச்சை இலை விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறியிருந்தால் அதே வாக்கியம் கொஞ்சம் சத்தமாக வரும். விலை இறங்கினால், "அடுத்த வருஷம் கட்டாயம்."

ஓவேலிக்கும் ஐரோப்பாவுக்கும் உறவு பழையது என்பது அவருடைய முதல் வாதம். அதில் தப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே காடழித்துக் காப்பி போட்ட ஜேம்ஸ் ஆக்டர்லோனியின் பெயர்தான் சுருங்கி ஓவேலி ஆனது. சீஃபோர்த், லாரஸ்டன் என்று ஸ்காட்லாந்து வாடை வீசும் பெயர்கள் இன்றும் இங்கே வழங்குகின்றன. "அவனுங்க கப்பல்லயும் குதிரைலயும் இங்க வந்து சேர்ந்தானுங்க. நம்மால பிளேன்ல போக முடியாதா?" என்று கேட்பார். ஊட்டி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை, குன்னூர் ஏற்றத்தில் ரயில் பல்லைப் பிடித்து ஏறும் முறையே ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்தது என்பதெல்லாம் இதற்கு அடுத்து வரும். இவை உண்மையானவை என்பதுதான் தொல்லை. மறுத்துப் பேச வழியில்லாமல் நண்பர்கள் இன்னொரு டீ சொல்லிவிடுகிறார்கள்.

இவரை மற்ற திட்டக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் குணம் ஒன்று உண்டு. முதல் திட்டம் எப்போதும் ஒழுங்காகவே இருக்கும்: பத்து நாள், பாரிஸ், சுவிட்சர்லாந்து. அதோடு நின்றிருந்தால் இவர் என்றைக்கோ போய் வந்திருப்பார். இரண்டாம் கூட்டத்தில் சுவிட்சர்லாந்தை அடுத்து லிக்டன்ஸ்டைன் என்று ஒரு குட்டி நாடு இருப்பது கண்ணில் படும். "இவ்வளவு தூரம் போறோம். பக்கத்துலதானே இருக்கு? பாக்காம வந்தா நாளைக்கு நாமளே வருத்தப்படுவோம்." மொத்தமே 160 சதுர கிலோமீட்டர், காலையில் போய் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்பார். அதன் தலைநகரான வடூஸில் ரயில் நிலையமே இல்லை, பஸ் பிடித்துத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால், "நமக்கு பஸ் புதுசா?" என்பார். லிக்டன்ஸ்டைன் வந்துவிட்டால் அதை ஒட்டிய ஆஸ்திரியாவை எப்படி விடுவது? ஆஸ்திரியா வரைக்கும் போய்விட்டு வெனிஸைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள்? வெனிஸ் வந்தபின் ரோம் என்ன பாவம் செய்தது? ரோமுக்குள்ளேயே வத்திக்கான் இருக்கிறது, அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நாடு. அதற்குத் தனியாக நேரமே வேண்டாம், ரோட்டைத் தாண்டினால் கணக்கில் ஒன்று கூடிவிடும்.

தூரத்தை அவர் அளக்கும் முறை கவனிக்கத்தக்கது. போனில் ஐரோப்பாக் கண்டம் முழுவதும் தெரியும்படி படத்தைச் சுருக்கிக்கொள்வார். கட்டைவிரலைப் படுக்க வைத்து, நகத்தின் நுனியைப் பாரிஸில் பொருத்துவார். விரலின் முதல் மடிப்புக்குள் எந்தெந்த ஊர் அடங்குகிறதோ அவையெல்லாம் 'பக்கம்'. இரண்டாம் மடிப்புவரை 'ஒரு ராத்திரிப் பயணம்'. படத்தைப் பெரிதாக்கினால் அளவு மாறிவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பெரிதாக்குவதில்லை. வேறு யாராவது விரல் வைத்துப் பெரிதாக்க முயன்றால், "இரு இரு, நெட் போயிடும்" என்று கையைத் தட்டிவிடுவார்.

தூரம் தெரியாத மனிதர் என்று இவரை யாரும் நினைத்துவிடக் கூடாது. உள்ளூர்த் தூரங்களில் இவர் பெரும் அறிஞர். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர் என்று போர்டு சொன்னாலும், நடுவட்டத்தில் மூட்டமும் பைக்காராவில் டூரிஸ்ட் வண்டியும் சேர்ந்தால் அது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்பதை அறிந்தவர். பந்திப்பூர்ச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்துக் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால், மைசூர் போய்த் திரும்புவதானால் ஆறு மணிக்கே அங்கிருந்து கிளம்பியாக வேண்டும் என்று மற்றவர்களை விரட்டுபவர். சொந்த மைத்துனர் கல்யாணம் கோத்தகிரியில் என்றதும், "ஒரே நாள்ல போய்ட்டு வர்றதெல்லாம் ஆகாத காரியம்" என்று முதல் நாளே போய்ப் படுத்தவர். ஏறக்குறைய நீலகிரி மாவட்ட அளவே உள்ள லக்சம்பர்க் நாட்டுக்கு இதே மனிதர்தான் அரை நாள் ஒதுக்கியிருக்கிறார். அதுவும் ஷெங்கன் கிராமத்தைச் சேர்த்து. அந்த ஊரில்தான் 1985இல் ஐந்து நாடுகள் எல்லையைத் திறந்துவிட ஒப்பந்தம் போட்டன, "கையெழுத்துப் போட்ட எடத்தைப் பாக்காம அவங்க விசாவுல போறது மரியாதையா?"

லண்டன் விஷயத்தில் இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போகிறது. கடலுக்கடியில் 1994இல் திறந்த சேனல் சுரங்கமும் சுமார் 50 கிலோமீட்டர்தான். "கூடலூர்–ஊட்டி தூரம். கார் ஏத்திட்டுப் போற ரயிலே முப்பத்தஞ்சு நிமிஷத்துல அந்தக் கரைக்குப் போயிடுது. பக்கத்துலதானே?" பக்கத்தில்தான். ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம், தனி வரிசை. இதைச் சொன்ன நண்பருக்கு, "அப்ப நீ பாரிஸ்ல ரூம்லயே படுத்துக்க" என்று பதில் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைப்பது இந்தப் பதில்தான். இப்படியே ஆறு பேரும் பாரிஸில் ரூமில் படுத்துக்கொள்ளும் நிலை வந்தும் பட்டியல் குறையவில்லை. நாள் கணக்கும் கூடவில்லை. குரூப்பில் ஒருவர் வாத்தியார், ஒருவர் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை, பத்து நாளுக்கு மேல் லீவு கிடையாது. பத்து நாளில் பதினோரு நாடு. தூங்குவதற்கு ரயில் இருக்கிறது, ரூம் வாடகையும் மிச்சம் என்பது அண்ணன் கட்சி.

மே மாதத்தில் சமவெளியிலிருந்து ஊட்டிக்கு வண்டி வண்டியாக வந்து, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா மூன்றையும் ஒரே பகலில் 'முடித்து'விட்டுப் போகிறவர்களைக் கண்டால் இவருக்கு வருகிற கோபம் தனி. "ஒரு எடத்துல உக்காந்து பாக்கத் தெரியாத ஜனங்க" என்பார். சொல்லிவிட்டு, கட்டைவிரலை மறுபடி பாரிஸில் வைப்பார்.

விசா பற்றி இவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு, 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு முன்பே மனுப் போடலாம் என எல்லாம் மனப்பாடம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. அண்ணன் திட்டத்தில் எந்த நாடும் ஒரு நாளைத் தாண்டாது, எதில் அதிகம் என்று சொல்ல வழியில்லை. அப்படியானால் முதலில் எந்த நாட்டில் இறங்குகிறோமோ அதற்கு மனுச் செய்ய வேண்டும். அந்த முதல் நாடோ, கொச்சியிலிருந்து டிக்கெட் மலிவா பெங்களூரிலிருந்து மலிவா என்பதைப் பொறுத்து வாரத்துக்கு ஒரு தரம் மாறுகிறது. ஆகவே மனு எழுதப்படவே இல்லை. இந்த வகையினருக்குள் யார் மூத்தவர் என்பதை விசாக் கட்டணத்தைக் கேட்டே சொல்லிவிடலாம். 60 யூரோ என்பவர் பழம்பெரும் அண்ணன்; 80 என்பவர் 2020க்குப் பிறகு கிளம்ப நினைத்தவர்; 2024 ஜூனில் 90 ஆனபிறகு சேர்ந்தவர்கள் கத்துக்குட்டிகள். இவர் காத்திருந்த காலத்தில் குரோஷியா ஷெங்கனுக்குள் வந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் வந்தன, நாடுகளின் எண்ணிக்கை 29 ஆனது. அத்தனையும் பட்டியலில் ஏறின. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கத்தைக் கைவிட்டு விரல் ரேகையும் முகப்படமும் பதியும் முறையையும் 2025 அக்டோபரில் தொடங்கிவிட்டார்கள். கோவைக்கு இரண்டு நடை நடந்து வாங்கிய பத்து வருஷப் பாஸ்போர்ட், உள்ளே ஒரு மைத்துளியும் படாமல் காலாவதி ஆகிறது. நண்பர்கள் குமுறுவது இந்த இடத்தில்தான்.

ஆவணங்கள் என்று வரும்போது தப்பு அண்ணன் பக்கம் இல்லை. ஊருக்குத் திரும்பி வருவான் என்று நம்புவதற்கு ஏதாவது காட்டு என்கிறார்கள் தூதரகத்தில்: வேலைக் கடிதம், வருமான வரிக் கணக்கு, நிலம் வீட்டுப் பத்திரம். ஓவேலி, நிலம்பூர் கோவிலகத்தின் பரம்பரைச் சொத்தான ஜென்ம நிலமாக இருந்த பூமி. ஜென்ம ஒழிப்புச் சட்டம் 1969இல் நிறைவேறி 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 17இன் கீழ் வரும் நிலங்கள் யாருக்கு என்பது அரசுக்கும் வனத்துறைக்கும் எஸ்டேட்டுகளுக்கும் நடுவில் கோர்ட்டு கோர்ட்டாக இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த நிலத்தில் பாட்டன் நட்ட செடியில் பேரன் இலை எடுக்கிறான், பட்டா இல்லை. பட்டா இல்லாததால் எத்தனையோ வீடுகளுக்குக் கரண்ட் இணைப்பும் இல்லை. குரூப்பில் ஒருவருடைய அப்பா, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு டான்டீ தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய பழைய பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. குடும்பத்திலேயே முத்திரை விழுந்த பாஸ்போர்ட் அது ஒன்றுதான். எங்கேயும் போகாமல் ஐம்பது வருஷமாக இங்கேயே கிடக்கிறவர்களிடம், திரும்பி வருவாயா என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடையாது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இருபது வருஷமாக மனுக் கொடுத்தும் நகராத ஒரு விஷயத்தை எந்தத் தூதரகத்திடம் போய் விளக்குவது?

கூட்டம் பெரும்பாலும் முடிவு எட்டாமலே கலையும். 2025 செப்டம்பரில், பல உயிர்களைப் பறித்த 'ராதாகிருஷ்ணன்' யானையை வனத்துறை பிடித்துக்கொண்டு போகும்வரை, பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வீடு சேர வேண்டியிருந்தது. இப்போதும் பெரிய வித்தியாசமில்லை. அந்த யானை போனால் வேறு யானை. இரவில் முந்நூறு அடி நடந்து டீக்கடைக்கு வர யோசிப்பவர்கள், பிராகா நகரில் நள்ளிரவு ரயில் மாறுவதை ஒரு மனதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பாடு: ரைஸ் குக்கர் ஒன்று, புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில், இட்லிப் பொடி. இதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை.

இத்தனைக்கும் இவரை யாரும் கைவிடுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. லைன் வீட்டுப் பெண் ஒருத்தி நர்சிங் முடித்து ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, கூடலூரில் எந்த ஏஜென்டும் ஒழுங்காகச் சொல்லாததை இவர் ஒரே இரவில் சொல்லி முடித்தார். எந்தச் சான்றிதழுக்கு எங்கே முத்திரை வாங்குவது, எதை மொழிபெயர்ப்பது, ஏர்போர்ட்டில் எந்தப் பக்கம் திரும்புவது, அங்கே ரயிலில் டிக்கெட்டை எங்கே காட்டுவது, குளிருக்கு எந்தச் செருப்பு ஆகாது என்று நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். பைசா வாங்கவில்லை. அந்தப் பெண் இறங்கி மூன்றாம் பிளாட்பாரம் என்று போன் செய்ததும், "மேல போற படிக்கட்டு உன் வலப்பக்கம் இருக்கும் பாரு" என்றார். இருந்தது.

முன்பணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் விலை ஏறுவதற்குள் பிடித்துவிடலாம் என்று ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் முதல் கூட்டத்திலேயே வசூலாகிவிடும். அது அண்ணன் பெயரில் பாங்கில் பத்திரமாக இருக்கும். கையாடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. யார் கேட்டாலும் மறுநாளே எண்ணிக் கொடுத்துவிடுவார். கேட்டவரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டு, அவருடைய இடத்துக்கு மைத்துனரைச் சேர்ப்பார். மைத்துனருக்குக் கிரீஸ் பார்க்க வேண்டும் என்று ஆசை.